டைம் கீப்பர் சொன்ன பாண்டிச்சேரி

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் ஒரு தனியார் பஸ் கம்பெனிக்கு டைம் கீப்பராக இருந்தவரைப் பற்றி நான் எப்போதோ சொல்லியிருக்க வேண்டும். தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். இப்போது படுத்தால் எழுந்திருக்க யாராவது கை கொடுக்க வேண்டியிருக்கிறது. இதற்கு மேல் தள்ளிப் போட நாள் இல்லை.

அவர் பாண்டிச்சேரியைப் பற்றிப் பேசுவார். அதுதான் அவர். காக்கிச் சட்டை, கம்பெனி எவ்வளவோ சொல்லியும் பேண்ட்டுக்கு மாறாத நாலு முழ வேட்டி, கழுத்தில் தொங்கும் விசில், காதில் செருகிய பென்சில், இவையெல்லாம் பஸ் ஸ்டாண்டில் யாரிடமும் இருக்கக் கூடியவை. அந்தப் பேச்சு வேறு யாரிடமும் இல்லை.

பாண்டிச்சேரியை அவர் பார்த்ததே கிடையாது. அதைக் கண்டுபிடித்தவன் நான். கண்டுபிடித்ததோடு நிற்காமல், அவருடைய மனைவியும் எங்கள் தெருக்காரர்களும் சுற்றி நின்ற இடத்தில் அதைச் சொன்னவனும் நான்தான்.

பஸ் கிளம்பும்போது அவர் ஊர்ப் பெயர்களைக் கூவுவது இன்னும் காதில் இருக்கிறது. "உளுந்தூர்பேட்டை விழுப்புரம்" என்று இரண்டையும் ஒரே மூச்சில் சேர்த்து விழுங்கிவிட்டு, கொஞ்சம் நிறுத்தி, "பாண்டிச்சேரி... பாண்டிச்சேரீ..." என்று இழுப்பார். சேலம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தவர்கள்கூடத் தலையை வெளியே நீட்டிப் பார்ப்பார்கள். அந்த பஸ்ஸில் போகிறவர்களுக்கு ஏதோ கிடைக்கப் போகிறது, தங்களுக்குக் கிடைக்காது என்று அவர்கள் முகத்தில் தெரியும்.

கள்ளக்குறிச்சியில் எது நடந்தாலும் அதைப் பாண்டிச்சேரி பக்கத்தில் கொண்டுபோய் வைத்துப் பார்ப்பார். சாக்கடை அடைத்துக்கொண்டால், "அங்க எல்லாம் தெருவுலயே சோத்தப் போட்டுப் பெசஞ்சு துன்னலாம்" என்பார். மாடு வழி மறித்தால், "அங்க நாய்கூட ரோட்டு நடுவுல படுக்காதுய்யா, ஓரமாத்தான் படுக்கும்" என்பார். கண்டக்டர்கள் அவரைச் சீண்டுவார்கள்.

"மாமா, அங்க காக்கா எப்பிடிக் கத்தும்?"

"நம்மூரு காக்கா மாதிரிதான்டா கத்தும். ஆனா ஒண்ணு கத்தி முடிச்சப்பறந்தான் இன்னொண்ணு கத்தும்."

கல்யாணத்துக்கு முன்னால், வெள்ளைக்காரன் இருந்த காலத்தில், அங்கே ஒரு பஞ்சு மில்லில் வேலை பார்த்ததாகச் சொல்லுவார். நூல் பிடித்தது போல நேரான தெருக்கள். தெருவுக்குத் தெரு நீலப் பலகையில் பெயர். சட்டியைக் கவிழ்த்தது போலச் சிவப்புத் தொப்பி வைத்த போலீஸ். கடற்கரையில் தினமும் சாயங்காலம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு குடை பிடித்து உட்கார்ந்திருக்கும் ஒரு வெள்ளைக்காரக் கிழவி. "அவளாண்ட போயி 'பொஞ்சூரு'ன்னு அவங்க பாஷையில கும்புடு சொல்லணும். அவளும் 'பொஞ்சூரு'ன்னுவா. அவ்ளோதான். அதுக்கு மேல ஒண்ணும் பேசமாட்டா. ஆனா மறுநாளு நாம போவலன்னா தேடுவா." கப்பல் வருவதைப் பற்றிச் சொல்லும்போது எழுந்து நின்றுவிடுவார். கப்பல்காரன் தூரத்திலிருந்து கையை ஆட்டுவானாம். நாமும் ஆட்ட வேண்டுமாம். இல்லாவிட்டால் கோபித்துக்கொள்வானாம்.

அவருக்குக் குழந்தைகள் இல்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஓடு போட்ட ஒரு சின்ன வீடு. அவர் பேசுவதை முதலில் கேட்கிறவர் அவருடைய மனைவி. மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அவர் உட்கார்ந்து பஸ் நேரம் எழுதும் தகரக் கூண்டுக்குப் பக்கத்தில், அவர் சாப்பிட்டு முடிக்கும் வரை நிற்பார். அவர் வாயில் சோற்றோடு பாண்டிச்சேரியைச் சொல்லுவார். ஏற்கெனவே கேட்டதுதான். இருந்தும் அந்த அம்மாள், "அப்பறம்?" என்று கேட்பார். அந்த மனிதருக்கு வாழ்க்கையில் இருந்தது அந்த "அப்பறம்" ஒன்றுதான் என்று இன்று தெரிகிறது. அன்று எனக்கு அது எரிச்சலாக இருந்தது.

ஏன் எரிச்சல் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் பாண்டிச்சேரியில் இரண்டு வருஷம் கல்லூரியில் படித்தவன். நிஜமாகவே அங்கே இருந்தவன். எம்.ஏ. முடித்துக் கள்ளக்குறிச்சியில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியராக வந்தேன். ஊரில் யாரும் என்னிடம் பாண்டிச்சேரியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டாலும் சொல்வதற்கு என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. ஊரை இரண்டாகப் பிரிக்கும் ஒரு கால்வாய். அதற்குக் கிழக்கே வெள்ளைக்காரர்களின் மஞ்சள் சுவர் வீடுகள், மேற்கே நம்மவர்கள். நான் தங்கியிருந்த அறை அந்தக் கால்வாயின் நாற்றத்துக்குப் பக்கத்தில் இருந்தது. ராத்திரி கொசு, பகலில் புழுக்கம். எனக்குத் தெரிந்த பாண்டிச்சேரி அதுதான்.

என் மனைவியே ஒருநாள் சொன்னாள். "டைம் கீப்பர் சொல்றப்ப ஊரு கண்ணுக்குத் தெரியுதுங்க. நீங்க சொல்றப்ப கொசுதான் தெரியுது."

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்கு அது உள்ளே தங்கிவிட்டது.

ஒருமுறை வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து ஒரு மலைக்காரர் தன் மனைவியை அழைத்துக்கொண்டு இறங்கி வந்திருந்தார். அந்தப் பெண்ணுக்குக் கழுத்தில் பெரிய வீக்கம். பாண்டிச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருந்தார்கள். பஸ் ஸ்டாண்டு வரை வந்தவர்களுக்கு அதற்கு மேல் கால் வரவில்லை. பஸ்ஸை விட்டுவிட்டு ஓரமாக உட்கார்ந்துவிட்டார்கள். நான் ரிஷிவந்தியம் போகிற பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். டைம் கீப்பர் அவர்களிடம் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"இன்னாத்துக்கு பயப்படற? ஆஸ்பத்திரி வாசல்ல ஒரு பெரிய வேப்பமரம் இருக்கும். அதுக்கடியில உன்னாட்டம் மலைலேர்ந்து எறங்குன ஆளுங்க நாலு பேரு எப்பவும் குந்தியிருப்பாங்க. நேரா போயி அவங்களோட குந்திக்க. இந்தம்மாவையும் குந்த வையி. பயம் தன்னால போயிடும். அப்பறமா உள்ள போலாம்."

"அங்க டாக்டருங்க திட்டுவாங்களாமே?"

"திட்டுவாங்க. யாரு வூட்லதான் திட்டல? வெளிய வந்து அந்த மரத்தடியில மறுபடியும் குந்திக்க."

அவர்கள் அடுத்த பஸ்ஸில் ஏறினார்கள். சில வாரம் கழித்து அந்த மலைக்காரர் ஒரு சிறு புட்டியில் தேனோடு வந்து கூண்டுக்கு முன்னால் நின்றார். கழுத்தில் துணி கட்டியபடி மனைவியும் உடன் இருந்தாள். "நீங்க சொன்ன மரம் இருந்துச்சுங்க" என்றார்.

நான் விடவில்லை. "வேப்பமரந்தானா? நல்லாப் பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "இன்னா மரம்னு பாக்கலீங்க சாரு. மரம் இருந்துச்சு. ஆளுங்க குந்தியிருந்தாங்க."

எந்த ஊர் ஆஸ்பத்திரி வாசலில்தான் மரம் இல்லை, மரத்தடியில் ஆள் இல்லை? அப்படித்தான் அன்று நினைத்தேன். சந்தேகம் எனக்கு அதற்கு முன்பே வந்திருந்தது. ஒருநாள் கூண்டுக்கு வெளியே நின்று, கல்வராயன் மலைக்குப் பின்னால் சூரியன் மறைவதைக் காட்டி, "அங்கயும் இதே மாதிரிதான் சார், ஆனா கடலுக்குள்ள எறங்கும், சொய்ங்னு சத்தம் வர்ற மாதிரியே இருக்கும்" என்றார். பாண்டிச்சேரிக் கடல் கிழக்கே இருக்கிறது. அங்கே சூரியன் கடலிலிருந்து எழும். அதில் இறங்குவதை எந்த மில் தொழிலாளியும் பார்த்திருக்க முடியாது. சிரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அதை வைத்திருந்து பயன்படுத்தலாம் என்று தோன்றியது.

அந்தக் கோடை விடுமுறையில் எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து டைம் கீப்பரின் கம்பெனி பஸ் ஒன்றைப் பிடித்துப் பாண்டிச்சேரிக்குப் போவது என்று நான்தான் ஏற்பாடு செய்தேன். ஊர் பார்ப்பதற்காக அல்ல. அவரைக் கூட்டிப் போவதற்காக.

ஆள் கூடியிருந்த நேரமாகப் பார்த்துக் கூண்டுக்குப் போனேன். அவர் மனைவியும் தூக்கோடு நின்றுகொண்டிருந்தார்.

"நீங்க வராம எங்களுக்கு யாரு ஊரச் சுத்திக் காட்டுவாங்க?" என்றேன்.

"நீங்க அங்கியே படிச்சவராச்சே சார்."

"எனக்குக் கொசுதான் தெரியும்னு எங்க வீட்டுல சொல்றாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "டூட்டி சார். கோடையில கூட்டம் ஜாஸ்தி."

"லீவுக்கு நான் பேசிட்டேன். மேனேஜர் சரின்னுட்டாரு."

அவர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் தூக்கை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "எதுக்குங்க சார், வெயிலு மண்டையப் பொளக்குது. நாங்க இன்னொரு வாட்டி போய்க்கறோம்" என்றார்.

"இன்னொரு வாட்டியா? அவரு வேலை பாத்த மில்லை நீங்க பாக்க வேணாமா?" என்றேன்.

பக்கத்தில் நின்ற எங்கள் தெரு ஜவுளிக்கடைக்காரர், "யோவ் பாண்டிச்சேரியாரே, பிகு பண்ணாதய்யா" என்று அவர் தோளில் தட்டினார். அவ்வளவுதான். அதற்கு மேல் அவர் மறுக்க முடியாது.

விடியற்காலையில் கிளம்பினோம். முன் சீட்டில் அவரையும் மனைவியையும் உட்கார வைத்தேன். தியாகதுருகம் தாண்டுவதற்குள் அவர் வாந்தி எடுக்க ஆரம்பித்துவிட்டார். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியபடியே வந்தார். மனைவி ஒரு கையால் அவர் முதுகைத் தடவிக்கொண்டும் மறு கையில் எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டும் இருந்தார். இத்தனை வருஷமாக நாளெல்லாம் பஸ்களை அனுப்பிக்கொண்டிருந்த மனிதருக்கு ஓடுகிற பஸ் ஒத்துக்கொள்ளாது என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

உளுந்தூர்பேட்டையில் டீக்கு நிறுத்தினோம். வரிசையாக நின்ற லாரிகளின் நிழலில் அவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். டிரைவர் டீ கொண்டுபோய்க் கொடுத்தபோது, "இன்னும் எவ்ளோ தூரம்பா?" என்று மெல்லக் கேட்டார்.

டிரைவர் சட்டென்று என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து அவரிடம் ஏதோ சொன்னார். அப்போது எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அந்த நீலப் பலகைகள், சிவப்புத் தொப்பி, நேரான தெருக்கள் எல்லாம் டிரைவர்களும் கண்டக்டர்களும் கொண்டுவந்து கொடுத்தவை. அவர்களுக்கு எப்போதோ தெரியும். ஒருவரும் வெளியே சொல்லவில்லை. கிழவியையும் கப்பல்காரனையும் அவரே சேர்த்துக்கொண்டிருக்கிறார். அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம். "உடம்பு சரியில்ல, நீங்க ரெண்டு பேரும் அடுத்த பஸ்ல ஊருக்குத் திரும்பிடுங்க" என்று சொல்லியிருந்தால் அவர் கௌரவமாகத் திரும்பியிருப்பார். டீயைக் குடித்துவிட்டு, "ஏறுங்க, நேரமாச்சு" என்றேன்.

திருநாவலூரில் இறங்கிச் சாமி கும்பிட்டோம். பாண்டிச்சேரி போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். ஊருக்குள் ஓரிடத்தில் பஸ்ஸை நிறுத்திவிட்டு, கடற்கரைக்கு நடந்தே போவது என்று ஏற்பாடு. டிரைவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, "நானும் கூட வர்றேன் சார்" என்றார்.

"அவருக்குத் தெரியாத தெருவா? நீங்க வண்டியிலயே படுங்க" என்றேன்.

டைம் கீப்பர் முகத்தைக் கழுவிக்கொண்டு, தலையைச் சீவி, முன்னால் நடந்தார். கொஞ்ச தூரம் அவருக்கு உற்சாகமே வந்துவிட்டது. மஞ்சள் சுவர்களுக்கு மேலே காகிதப்பூ கொத்துக் கொத்தாகத் தொங்கியது. உயரமான மரக் கதவுகள் எல்லாம் மூடியிருந்தன. தெரு முனைகளில் நீலப் பலகை இருந்தது. "பாத்தியா, பாத்தியா? நான் சொல்லல?" என்று ஒவ்வொரு பலகையையும் மனைவிக்குக் காட்டினார். தான் சொன்னதெல்லாம் நிஜமாகவே அங்கே இருப்பதைப் பார்த்து அவருக்கே ஆச்சரியம். ஒரு சின்னப் பையனைப் போல என்று சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ரொம்ப நாள் கழித்துச் சொந்த வீட்டுக்கு வந்தவர் போல இருந்தார்.

மூன்றாவது முனையிலோ நான்காவது முனையிலோ அவர் தவறான பக்கம் திரும்பினார். எனக்குத் தெரியும். கிழக்கே திரும்பினால் கடல். அவர் வடக்கே திரும்பிவிட்டார். கடலுக்குப் பக்கவாட்டில், அதைத் தொடாமலே எங்களை நடத்திக்கொண்டு போனார். நான் பேசாமல் பின்னால் நடந்தேன். தெரு முடிந்தால் இன்னொரு தெரு, அதே போல நேராக, அதே மஞ்சள் சுவர். தார் ரோடு கொதித்தது. செருப்பில்லாத பெண்கள் சுவரோரமாக ஓடி ஓடி நடந்தார்கள். நிழல் இல்லை. எங்கள் நிழலே காலுக்கடியில் சுருண்டு கிடந்தது. ஒரு குழந்தை அழத் தொடங்கியது.

"இன்னாய்யா, இந்த முனையில நின்னா அந்த முனையில கடல் தெரியும்னியே?" என்றார் ஜவுளிக்கடைக்காரர்.

"தோ, வந்துடுச்சு."

வரவில்லை. ஒரு நாற்சந்தியில் நின்றார். கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு, வீடுகளின் மேல்பக்கமாக நான்கு திசையும் பார்த்தார். முனையில் ஒரு சோடாக் கடை இருந்தது. அந்தக் கடைக்காரனிடம் போய் ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

"ஏங்க, மலை எந்தப் பக்கங்க?"

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இது விளங்கும். கள்ளக்குறிச்சியைச் சுற்றி எங்கே நின்றாலும் மேற்கே கல்வராயன் மலை தெரியும். நாங்கள் மேற்கு என்று சொல்வதில்லை, மலைப் பக்கம் என்போம். வழி தெரியாவிட்டால் முதலில் மலையைத் தேடுவோம். மலைக்கு முதுகைக் காட்டி நின்றால் கிழக்கு. கிழக்கே நடந்தால் கடல். அவருக்கு அன்று வேண்டியிருந்தது அந்த மலை மட்டும்தான்.

சோடாக் கடைக்காரன் குழம்பிப் போனான். "மலையா? இன்னா மலை? திருவண்ணாமலைக்கா போவணும்?"

ஜவுளிக்கடைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பாண்டிச்சேரியில மலை இருக்குதுன்னு இத்தினி நாளா சொல்லவே இல்லியேய்யா!" களைத்துப் போயிருந்த எல்லோரும் சிரித்தார்கள். டைம் கீப்பரும் சிரிக்கப் பார்த்தார். அவர் மனைவி, "வாந்தி எடுத்ததுல அவுருக்குத் தலை சுத்துதுங்க. நெழலுல கொஞ்சம் குந்துனா சரியாயிடும்" என்றார்.

அது போதுமானதாக இருந்தது. அவர்கள் அதை ஏற்றுக்கொண்டிருப்பார்கள். ஆளுக்கொரு சோடா குடித்துவிட்டு யாரையாவது வழி கேட்டு நடந்திருப்போம்.

நான் சொன்னேன். "தலை சுத்தல் எல்லாம் இல்லீங்கம்மா. இவரு இதுக்கு முன்னாடி பாண்டிச்சேரிக்கு வந்ததே இல்ல. உளுந்தூர்பேட்டையத் தாண்டினதே இன்னைக்குத்தான். மில்லும் இல்ல, ஒண்ணும் இல்ல. எல்லாம் டிரைவருங்க சொன்ன கதை."

வகுப்பில் விடைத்தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது பேசுகிற குரலில் சொன்னேன். அந்தக் குரல் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அவர் என்னைப் பார்க்கவில்லை. மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் தலையைக் குனிந்துகொண்டார். அவர், "ஆமாங்க" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

பிறகு நான் முன்னால் நடந்து எல்லோரையும் கடற்கரைக்கு அழைத்துப் போனேன். வெகு தூரம் இல்லை. அங்கே எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொன்னேன். செஞ்சியிலிருந்து கொண்டுவந்து நட்ட கல் தூண்களைக் காட்டினேன். புயலில் இடிந்து, இரும்புக் கால்கள் மட்டும் கடலில் நின்ற பழைய பாலத்தைக் காட்டி, ஒரு காலத்தில் கப்பல் சரக்கெல்லாம் அதன் வழியாகத்தான் இறங்கியது என்றேன். வெள்ளைக்காரன் எந்த வருஷம் வந்தான், எந்த வருஷம் போனான் என்பதையும் சொன்னேன். எல்லாம் சரியான தகவல்கள். கடலில் ஒரு கப்பலும் இல்லை. எங்கள் ஆட்கள் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்கள். எங்கள் தெருக் கோடி வீட்டுப் பெண் ஒருத்தி மட்டும், "சார், அந்த வெள்ளைக்காரக் கெழவி எங்க குந்தியிருப்பா?" என்று கேட்டாள்.

"அப்படி யாரும் இல்லம்மா."

"ஓ" என்றாள்.

டைம் கீப்பர் ஒரு தூணடியில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்தார். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. இத்தனை காலம் ஏமாற்றப்பட்டிருக்கிறாளே என்று அந்த அம்மாளுக்காக நான் பரிதாபப்பட்டேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்த அம்மாளுக்கு நல்லது செய்ததாகவே அன்று நினைத்தேன்.

திரும்பி வந்த பிறகு அவர் "உளுந்தூர்பேட்டை, விழுப்புரம், பாண்டிச்சேரி" என்று மூன்றையும் ஒரே அளவாகக் கூவினார். கண்டக்டர்கள், "மலை எந்தப் பக்கம் மாமா?" என்று கேட்டால், "தோ" என்று மலையைக் காட்டிவிட்டு வேலையைப் பார்ப்பார். கோபமோ சிரிப்போ வராததால் கொஞ்ச நாளில் அவர்களுக்கே அலுத்துவிட்டது.

அதன் பிறகுதான் என் வீட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள். நோயாளியைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு, துணி மூட்டையோடு வாசலில் நிற்பார்கள். "டைம் கீப்பரு அனுப்புனாருங்க. வாத்தியாருக்குத்தான் அந்த ஊரு தெரியும், எனக்குத் தெரியாது, போயிக் கேளுங்கன்னாரு." அவர் அதைக் குத்திக்காட்டுவதற்காகச் செய்தார் என்று முதலில் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. தெரிந்தவனிடம் அனுப்பினார், அவ்வளவுதான்.

நான் எங்கே இறங்க வேண்டும், எந்த வாசலில் நுழைய வேண்டும், எங்கே சீட்டு வாங்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்லுவேன். அவர்கள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, எல்லாம் முடிந்த பிறகும் நகராமல் நிற்பார்கள். ஒருநாள் மகனை நடத்திக் கூட்டி வந்த ஒரு கூலிக்காரப் பெண் அப்படித்தான் நின்றாள். நெல் அறுப்பிலிருந்து நேராக வந்திருந்தாள், சேலையில் வைக்கோல் ஒட்டியிருந்தது. "இன்னும் என்னம்மா?" என்றேன்.

"இன்னான்னு தெரியலீங்க சார். நீங்க எல்லாம் சொல்லிட்டீங்க. ஆனா பயம் போவலியே."

அவளைக் கூட்டிக்கொண்டு நானே பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். கூண்டின் முன்னால் நிறுத்தி, "இந்தம்மாவுக்கு நீங்க கொஞ்சம் சொல்லுங்க. அந்த மரம், ஆளுங்க குந்தியிருக்கிறது, அதைச் சொல்லுங்க" என்றேன்.

அவர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார், மறுபடியும் செருகிக்கொண்டார். "நான் அந்த ஆஸ்பத்திரியப் பாத்ததில்லீங்களே சார்" என்றார். ஒரு கசப்பும் இல்லாமல் சொன்னார். பஸ் வந்தது. அவள் மகனோடு ஏறினாள். அவர் விசில் ஊதினார்.

அன்று சாயங்காலமே அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று அவர் வீட்டுக்குப் போனேன். அவர் டூட்டி முடிந்து வந்திருக்கவில்லை. மனைவி மட்டும் முறத்தைப் போட்டுக்கொண்டு மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தார். ஒரு பலகையை எடுத்துப் போட்டு, "குந்துங்க சார்" என்றார்.

"அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. உங்க மனசு என்ன பாடுபட்டிருக்கும்?" என்றேன்.

"என் மனசா?" அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "எனக்குத்தான் தெரியுமே சார். கண்ணாலமாயி மூணாம் மாசமே எங்க மாமியா சொல்லிட்டாங்க. எம் புள்ளைக்கு நவுர்ற பஸ்ஸு ஆவாது, அவன் இந்த எல்லையத் தாண்டுனதில்ல, எதனா சொல்லிக்கினு இருப்பான், கேட்டுக்கன்னாங்க. நானும் கேட்டுக்கினு இருந்தேன். நல்லாத்தான சொல்லுவாரு?"

அந்த அம்மாள் இன்னொரு கடலையை எடுத்து உடைத்தார்.

"எனக்குத் தெரியும்னு அவுருக்குத் தெரியாது சார். அது ஒண்ணுதான். நீங்க சொன்னப்ப என் மூஞ்சப் பாத்தாரு பாருங்க, நான் திடுக்குன்னு ஆவணும்ல? எனக்கு அப்பிடி நடிக்கத் தெரியல. தலையக் குனிஞ்சுட்டேன். இவளுக்கு எப்பவோ தெரியும்னு அப்பதான் அவுரு கண்டுக்கினாரு. இத்தினி வருசமா இவ சும்மா கேட்டுக்கினு இருந்திருக்கான்னு."

முறத்தை ஒருமுறை புடைத்தார். தோல் பறந்து ஓரமாக விழுந்தது.

"வூட்ல இப்ப பேச்சே இல்ல சார். வர்றாரு, துன்றாரு, படுத்துக்கறாரு. பாண்டிச்சேரி வேணாம்னா வேற எதனா ஒரு ஊரச் சொல்லேன், காசியச் சொல்லு, கேக்கறதுக்கு நான் இருக்கறேன்னு நேத்துகூட கெஞ்சிப் பாத்தேன்."

"என்ன சொன்னாரு?"

"காசிக்கு நான் போனதில்லியேங்கறாரு."